பொருளியல் கற்ற பாபாசாகேப்

நூல் என்னும் ஒரே சொல்லைத் தமிழ்மொழி இரு பொருள்களுக்கு வழங்குகிறது. ஆலையில் நூற்பதும் நூல். அறிஞர் எழுதுவதும் நூல். ஆலை நூலை வாங்குவோர் அது எந்தப் பஞ்சில் நூற்றது, முறுக்கு எப்படி, இழை எங்கே அறும் என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்குவர். எழுதிய நூலையோ, அச்சேறி அட்டை கட்டி வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் ஆராயாமல் ஏற்றுக்கொள்வோர் பலர். எத்துறையிலும் இதனால் தீங்கு உண்டு. பொருளியல் துறையில் அத்தீங்கு மிகப் பெரிது. கூலி எவ்வளவு, வரி யார் மீது, நிலம் யாருக்கு என்னும் கேள்விகளுக்கு விடை வகுப்பவை அந்நூல்கள். அவற்றை எழுதுவோரோ பெரும்பாலும் கூலி வாங்கி உண்பவர் அல்லர்.

இத்தகைய நூல்களை எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்கு டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே நமக்குச் சிறந்த வழிகாட்டியாகும். அரசியல் சட்டத்தை வகுத்த மேதை என்றும், நம்மைத் தம்ம நெறிக்கு அழைத்த போதிசத்துவர் என்றும் அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் உயர் பட்டங்கள் பெற்ற துறையும், கல்லூரிப் பேராசிரியராக அமர்ந்து முதலில் போதித்த துறையும் பொருளியலே என்பதை நம்மில் பலர் நினைவிற் கொள்வதில்லை. அவர் வாழ்வின் அப்பகுதியை மட்டும் இங்கே எடுத்துரைப்போம்.

பாபாசாகேப் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவிலுள்ள மோவ் இராணுவ முகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார்; இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சாத்தாராவில் பள்ளி சென்ற காலத்தில் அச்சிறுவர் கோணித்துணியில் தனியே அமர்ந்து படித்தார் என்பதை நாம் அறிவோம். குடும்பம் பம்பாய்க்கு வந்தபின் வாழ்ந்த இடம் பரேல். ஆலைச் சங்கு ஒலித்தால் தெருவெல்லாம் தொழிலாளர் நிறையும் பகுதி அது. பிற்காலத்தில் அவர் படித்த நூல்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதப்பட்டவை. படித்த கண்ணோ பரேலில் திறந்த கண்.

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் செலிக்மன். வரி, நிதி ஆகிய துறைகளில் பெரும்புகழ் பெற்றவர். வரலாற்றின் போக்கைப் பொருளாதாரம் எவ்வாறு உருவாக்குகிறது என்று நூல் எழுதியவர். பாபாசாகேப் பொருளியலோடு நிற்கவில்லை. வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் ஆகிய வகுப்புகளுக்கும் சென்றார். ஒரு துறையின் நூல்கள் மறைப்பதை மற்றொரு துறையின் நூல்கள் காட்டிவிடும் என்பதற்கு இப்படிப்பே சான்றாயிற்று. சந்தை பற்றிய நூல்களில் சாதி பற்றிய பேச்சே இல்லை. அவரோ 1916இல் மானிடவியல் கருத்தரங்கிலேயே இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

1915இல் எம்.ஏ. பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். கம்பெனி ஆட்சி இந்நாட்டிற்கு ஒழுங்கையும் செழிப்பையும் கொண்டுவந்தது என்று அக்காலத்து ஆங்கில நூல்கள் பல கூறிவந்தன. இதனை மறுக்க விரும்பிய இளைஞர் வேறொருவராயின் உணர்ச்சி மிக்க சொற்பொழிவு ஒன்றை எழுதியிருப்பார். பாபாசாகேப் வரவு செலவுக் கணக்குகளையே சாட்சிக் கூண்டில் நிறுத்தினார். நிலவரி எவ்வளவு, உப்பினால் வந்தது எவ்வளவு, அபினியால் வந்தது எவ்வளவு, போருக்கும் கடன் வட்டிக்கும் போனது எவ்வளவு, மக்களுக்கான பொதுப்பணிகளுக்குச் செலவானது எவ்வளவு சொற்பம் என்று எண்களைப் பேசவிட்டார். எதிரியின் கணக்கைக் கொண்டே எதிரியின் பெருமையை அளந்த முறை இது. அவர் இறுதிவரை இம்முறையைக் கைவிடவில்லை.

கொலம்பியாவுக்கு அளித்த ஆராய்ச்சி 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி என்னும் நூலாக லண்டனில் வெளியாயிற்று. செலிக்மன் முன்னுரை எழுதினார். 1833 முதல் 1921 வரை மத்திய சர்க்காருக்கும் மாகாணங்களுக்கும் இடையே வரிப்பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே அதன் பொருள். சர்க்காரின் வரவு செலவுத் திட்டங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து, இந்த ஆட்சி எவருடைய நலனை முன்னிட்டு நடக்கிறது என்னும் வினாவை அவர் எழுப்பினார்.

1916இல் லண்டன் பொருளியல் பள்ளியிற் சேர்ந்தாராயினும் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. உலகப்போர் நடந்த காலம். அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கிற்று. பட்டினி கிடந்து சேர்த்த நூல்களை இழந்தவரின் துயரை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அவர் ஓய்ந்தாரில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். நாட்டின் செல்வம் எவ்வாறு பெருகுகிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். ஆசிரியர் அறையிலோ, பொதுப் பானையில் அவர் நீர் மொள்ளக் கூடாது என்று உடன் பணியாற்றியவர் சிலர் ஆட்சேபித்தனர். இத்தகைய ஆட்சேபத்துக்குப் பொருளியல் பாடநூலில் இடம் ஏது?

அவ்வாண்டிலேயே இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகிவிட்டது, துண்டுகளை ஒன்றாக்கிப் பெரிதாக்கினால் உழவர் துயர் தீரும் என்பதே அந்நாளில் அறிஞர் பலரின் முடிபு. பாபாசாகேப் அதை மறுத்தார். நிலத்தின் அளவைக் கொண்டு மட்டும் பெரிது சிறிது என்று கூறலாகாது. அதில் இடும் முதலும் உழைப்பும் எவ்வளவு என்பதைக் கொண்டே கூற வேண்டும் என்றார். பிழைக்க வேறு வழியின்றித் தேவைக்கு மேற்பட்டோர் நிலத்தையே நம்பிக் கிடப்பதும், பயிர்த்தொழிலுக்கு முதல் இல்லாமையுமே உண்மை நோய். தொழில் வளர்ச்சியே மருந்து என்று காட்டினார். நிலத்துண்டை மட்டும் நோக்கியவர்களின் கண்ணில் படாத கூலிக்காரன் அவர் கண்ணில் பட்டான்.

1920இல் பேராசிரியர் பதவியைத் துறந்து மீண்டும் லண்டன் சென்றார். தாம் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், பார்சி நண்பர் ஒருவர் தந்த கடனும் துணை நின்றன. அரை வயிற்றுக்கு உண்டு, நூலகம் திறக்கும் வேளை முதல் மூடும் வேளை வரை அங்கேயே அமர்ந்து படித்தார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அடுத்து டி.எஸ்ஸி. பட்டத்திற்கு அவர் எழுதியதே ரூபாயின் பிரச்சினை என்னும் பெருநூல். தேர்வாளர் திருத்தம் கோரித் திருப்பினர். அதற்குள் கைப்பணம் தீர்ந்துவிடவே பம்பாய் திரும்பி, இங்கிருந்தே மறுபடி அனுப்பினார். 1923 இறுதியில் அது ஏற்கப்பட்டு நூலாகவும் வெளிவந்தது.

இந்நூலின் கருத்தை எளிய முறையில் விளக்க முயல்வோம். அக்காலத்தில் ரூபாய் வெள்ளி நாணயம். இங்கிலாந்தின் பவுன் தங்க நாணயம். 1870களில் தொடங்கி வெள்ளியின் விலை சரிந்தது. ரூபாயின் மதிப்பும் சரிந்தது. லண்டனுக்கு ஆண்டுதோறும் பவுனில் பணம் செலுத்த வேண்டியிருந்த இந்திய சர்க்காருக்கு இது பெருஞ்சுமையாயிற்று. ஆகவே 1893இல், பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை நீக்கினர். அதன்பின் எவ்வளவு ரூபாய் அடிப்பது என்பது சர்க்காரின் விருப்பமாயிற்று. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விகிதம் வைத்து, லண்டனில் வைத்திருக்கும் இருப்பைக் கொண்டு அவ்விகிதத்தைக் காத்துவந்தனர். இதற்குத் தங்கமாற்றுத் திட்டம் என்று பெயர்.

இத்திட்டத்தைப் புகழ்ந்து 1913இல் நூல் எழுதியவர் கெயின்ஸ். பின்னாளில் உலகமே போற்றிய பொருளியல் அறிஞர். அவர் 1906 முதல் 1908 வரை லண்டனிலுள்ள இந்தியா அலுவலகத்தில் பணியாற்றியவர். அவர் பொய் எழுதினார் என்று எவரும் கூற முடியாது. ஆனால் எந்த நாற்காலியில் அமர்ந்து ஒருவர் ஒரு பொருளைப் பார்க்கிறாரோ, அந்த நாற்காலிக்குத் தெரிவதே அவருக்குத் தெரியும். லண்டன் நாற்காலிக்குத் தெரிந்தது செலாவணி விகிதம். விகிதம் நிலையாக நின்றால் நாணயம் நலமாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பாபாசாகேப் வேறொரு கணக்கைக் கேட்டார். ரூபாய்க்கு இந்நாட்டுச் சந்தையில் எவ்வளவு தானியம் கிடைக்கிறது? எவ்வளவு துணி கிடைக்கிறது? ரூபாயை அடிக்கும் அளவு ஆள்வோரின் விருப்பத்தில் இருக்கும்வரை விலைவாசி ஏறாமல் தடுக்க வழியில்லை என்பதைப் புள்ளி விவரங்களோடு நிறுவினார். ரூபாய் அடிப்பதை நிறுத்தி, அளவுக்கு நிலையான வரம்பு கட்டி, தங்கத்தையும் புழக்கத்தில் விட வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு.

அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியரான எட்வின் கேனன். ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற நூலைச் செம்மையாகப் பதிப்பித்த அறிஞர். மாணவரின் வாதங்களில் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை அவர் அம்முன்னுரையிலேயே வெளிப்படையாகக் கூறினார். சிந்தனையின் புதுமையைப் பாராட்டவும் செய்தார். தம்மை மறுக்கும் உரையைத் தம் நூலின் வாயிலிலேயே வைத்தார் பாபாசாகேப். தம் கட்சிக்காரரின் புகழுரையை மட்டுமே முன்னே நிறுத்தும் நூல்களை நாம் எத்தனை கண்டிருக்கிறோம்! மறுப்பைக் கேட்டுத் தாங்கி நிற்கும் கருத்தே கருத்து என்பது அவர் கொள்கை.

ஆங்கிலேயரை மறுத்தவர் என்பதால், இந்திய முதலாளிகள் சொன்னதையெல்லாம் அவர் ஒப்பினார் என்று எண்ணலாகாது. நாணயப் பிரச்சினையை ஆராய 1925இல் ஹில்டன் யங் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று பாபாசாகேப் அதன் முன் சாட்சியம் அளித்தார். அப்போது நாடெங்கும் எழுந்த வாதம் யாதெனில், ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா என்பதாகும். 6 பென்ஸ் விகிதத்தைச் சர்க்கார் விரும்பிற்று. 4 பென்ஸே தேசத்தின் நலன் என்று பம்பாய் வணிகரும் ஆலை முதலாளிகளும் முழங்கினர். கமிஷன் உறுப்பினரான சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் அதற்காகத் தனிக் குறிப்பே எழுதினார்.

இரண்டு பென்ஸுக்கு இவ்வளவு ஆரவாரம் ஏன்? ஒரு பவுன் பெறும் சரக்கை வெளிநாட்டில் விற்ற முதலாளிக்கு 4 பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். 6 பென்ஸ் விகிதத்திலோ 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடிதான் கிடைக்கும். மறுபுறம், ஒரு பவுனை லண்டனுக்கு அனுப்பும் சர்க்காருக்கு 13 ரூபாய்ச் சொச்சம் கொடுப்பது 15 ரூபாய் கொடுப்பதினும் இலாபம். ஆக, இரு தரப்பாரும் தத்தம் பையைத் தடவிப் பார்த்தே பொருளியல் பேசினர். தொழிலாளியின் பையை எவர் தடவிப் பார்த்தார்? ரூபாய் மலிந்தால் தானியமும் துணியும் விலை ஏறும். கூலியோ அப்படியே நிற்கும். விலைவாசிப் புள்ளியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி அன்று கிடையாது. சம்பள உறையில் எண் மாறாதிருக்க, மளிகைக் கடையில் மட்டும் எண் மாறினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை ஆலையில் வேலை செய்த நாம் நூலைப் பார்த்து அறிய வேண்டியதில்லை.

பாபாசாகேப் இதனை நூலிலேயே எழுதினார். செலாவணி விகிதம் தாழ்வதால் ஏற்றுமதியாளர் அடையும் இலாபம் அயல்நாட்டிலிருந்து வருவதன்று. இந்நாட்டிலேயே ஒரு வகுப்பாரிடமிருந்து பிறிதொரு வகுப்பாரிடம் போவது என்று தெளிவுறுத்தினார். தேச நலன் என்னும் பெயரில் பேசுவோர் தேசத்தில் யாரைச் சேர்த்து எண்ணுகிறார், யாரை விட்டுவிட்டு எண்ணுகிறார் என்பதே அவர் எழுப்பிய வினா.

இவ்வினாவைத் தொழிலாளர் தலைவர்களிடமும் எழுப்ப அவர் தயங்கவில்லை. 1928இல் பம்பாய் ஆலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர்கள் படித்த நூல்களில் தொழிலாளி வர்க்கம் ஒன்றே, அதில் பிரிவில்லை. ஆனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் தீண்டப்படாத தொழிலாளருக்கு இடமில்லை. இழை அறும்போது வாய் ஈரம் தொட்டு முடிய வேண்டியிருக்கும். அவர்கள் எச்சில் பட்ட இழையை மற்றவர் தொடமாட்டார் என்பதே காரணம். அவர்கள் கூலி குறைந்த நூற்புப் பகுதியிலேயே நிறுத்தப்பட்டனர். இக்கொடுமையை நீக்காமல் ஒற்றுமை பேசுவது எவ்வாறு என்று பாபாசாகேப் கேட்டார். முதலாளியின் நூல் தொழிலாளியைக் காணாதது போலவே, தொழிலாளர் தலைவரின் நூல் நம்மைக் காணவில்லை. இருப்பினும் உழைப்போர் உரிமையை அவர் விட்டுக்கொடுத்தாரில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைக் கண்டார். வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பொதுவுடைமையாளரோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தினார்.

சாதி என்பது வேலைப் பிரிவினையே, நாகரிக நாடுகளில் எல்லாம் வேலைப் பிரிவினை உண்டன்றோ என்று பொருளியல் மொழியில் சாதிக்குப் பூச்சுப் பூசியோரும் இருந்தனர். லாகூர் மாநாட்டுக்கென எழுதி, அம்மாநாடு கைவிடப்பட்டதால் 1936இல் தாமே அச்சிட்ட சாதி ஒழிப்பு நூலில் இதற்கு விடை தந்தார். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவனைப் பிரிப்பது வேறு. தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாத இடத்தில், பிறப்பே தொழிலை விதிக்கும் இடத்தில், மேல் கீழ் என்று மனிதரை அடுக்கிய இடத்தில், வேலைப் பிரிவினை என்னும் பெயர் பொருந்தாது என்று நிறுவினார்.

1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த மனுவில், முக்கியத் தொழில்களை அரசே நடத்த வேண்டும். நிலம் அரசுடைமையாகி, சாதி வேற்றுமையின்றி ஊர்க்குழுக்களுக்குக் குத்தகையாக அளிக்கப்பட வேண்டும் என்று கோரினார். அரசு ஒதுங்கி நின்றால் சுதந்திரம் பெருகும் என்போரை, அது எவருக்குச் சுதந்திரம் என்று கேட்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம்மம் ஏற்றபின், நவம்பரில் காட்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார். மார்க்சின் நூல்களை ஒதுக்கித் தள்ளாமல் கற்று, சுரண்டல் உண்டென்பதை ஒப்பி, வன்முறையும் சர்வாதிகாரமும் வழியல்ல என்பதை மறுத்துரைக்க முடியாத வகையில் எடுத்துக்காட்டினார். டிசம்பர் 6 அன்று பரிநிர்வாணம் எய்தினார்.

இனி நம் கடமையைச் சிந்திப்போம். நம்முடைய கூட்டங்களிலும் வெளியீடுகளிலும் ரிசர்வ் வங்கியை நிறுவியவர் பாபாசாகேப் என்று கூறப்படுவதுண்டு. இதையும் தடவிப் பார்ப்பதே முறை. அவர் நாணயம் பற்றிச் சிறந்த நூல் எழுதினார். கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியோ 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கிற்று. நாணய அளவுக்கு நிலையான வரம்பு வேண்டும் என்ற அவருடைய திட்டம் ஏற்கப்படவில்லை. அவர் நிறுவினார் என்பது அன்பினால் எழுந்த மிகை. மாற்றார் ஒருவர் இம்மிகையைச் சுட்டிக் காட்டினால், உண்மையான அவருடைய பெருமையும் சேர்ந்து ஐயத்திற்கு உள்ளாகும். பிறர் நூலில் உள்ள சார்பைக் காண்பது எளிது. நமக்கு இனிக்கின்ற சொல்லில் உள்ள சார்பைக் காண்பதே அரிது. கேள்விப்பட்டதாலோ, வழிவழி வந்ததாலோ, ஏட்டில் இருப்பதாலோ, குரு சொன்னதாலோ மட்டும் ஒன்றை ஏற்க வேண்டாம் என்று காலாமர்க்குப் பகவான் புத்தர் அருளிய போதனை நமக்கும் சேர்த்தே அருளியது.

நம் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் வணிகமும் பொருளியலும் கற்கிறார்கள். தேர்வில் வெல்லப் பாடநூலை முழுதும் கற்கட்டும். கற்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகட்டும். இதை எழுதியவர் எங்கே அமர்ந்து எழுதினார்? இவர் சொல்லும் நன்மை யார் கைக்குப் போகிறது? யாருடைய நட்டம் இக்கணக்கில் எழுதப்படவில்லை? இவரை மறுப்பவர் என்ன கூறுகிறார்? ஞாயிறு தோறும் விகாரையில் கூடும் நாம், வந்தனை முடிந்தபின் அரைமணி நேரம் ஒரு செய்தித்தாளின் வரவு செலவுத் திட்டப் பகுதியை எடுத்துவைத்து, இந்நான்கு கேள்விகளையும் கூடிக் கேட்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. மாதக் கடைசியில் மளிகைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும். இவ்வேட்டில் நாம் எழுதியதையும் அந்த அரைமணி நேரத்தில் எடுத்துவைத்து, அதே விரலால் தடவிப் பார்ப்பீர்களாக.